எண் சரியென்றால் ஆளும் சரியா?



அண்மையில் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் கையில் கடிதத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அவர் சேமித்த பணம் காணாமல் போயிருந்தது. "சரியான 6 இலக்க எண் பதிவாகியுள்ளது, ஆகவே பணத்தை அனுப்பியது நீங்கள்தான்" என்கிறது கடிதம். இது நியாயமா? அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் நீங்களே பதில் சொல்வீர்கள்.

கைத்தொலைபேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். முதன்முதலில் கியூஆர் படத்தை ஸ்கேன் செய்கிறோமே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எண் வரும். மறுமுனைக் கணினியும் அதே சாவியை வைத்து, அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. அதனால்தான் லைன் இல்லாத இடத்திலும் எண் வருகிறது.

இத்தகைய கணக்குக்கு 'சூடோரேண்டம் ஃபங்ஷன்' என்று பெயர். 1984-இல் கோல்ட்ரைக், கோல்ட்வாசர், மிக்காலி ஆகிய மூவர் இதற்கு இலக்கணம் வகுத்தனர். சாவி இல்லாதவன் பழைய எண்களை எத்தனை பார்த்தாலும் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய முடிவுகளைப் பார்த்து நாளைய நாலு நம்பரைக் கணிப்பது போலத்தான்! குத்துமதிப்பாகச் சொன்னால் பலிக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று. எனவே திருடன் கணக்கோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்களிடமே எண்ணைக் கேட்கிறான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்த முறையில் ஒரே சாவி இரண்டு பக்கமும் இருக்கிறது. எண் பொருந்தினால், சாவி உள்ள ஏதோ ஓரிடத்தில் அது பிறந்தது என்று மட்டுமே தெரியும். தட்டியது யார், சம்மதித்தாரா, ஏமாற்றப்பட்டாரா என்பதை எண் சொல்லாது. டிஜிட்டல் கையொப்பம் வேறு. அதில் கையொப்பமிடும் சாவி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்.

ஆகவே, எண் சரி என்ற ஒரே பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்கு, யார் கணக்குக்குப் பணம் போனது என்று எழுத்து மூலம் கேளுங்கள். "என் கவனக்குறைவு" என்று எழுதிய தாளில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பக்கமும் கடமை உண்டு. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். கியூஆர் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது போனால் இனி வரும் எண்கள் அத்தனையும் போயின. பணம் போனால் உடனே வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள், போலீஸ் புகார் செய்யுங்கள்.

கணக்கு பொய் சொல்லாது. ஆனால் கணக்கு சொல்லாததைச் சொன்னதாக யாரும் நம் தலையில் கட்ட விடக் கூடாது!