மூக்கு அறியாத வளி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்யும் மெல்லிய துணி, நாட்டின் மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டாகிறது. தறியிலிருந்து இறங்கும்போது அது பழுப்பு நிறம். வெளுத்து, மடித்து, உறையிலிட்டு, நுண்ணுயிர் நீக்கிய பின்னரே அறுவை அரங்கினுள் நுழையத் தகும். அதற்கு நீராவி உண்டு, காமா கதிர் உண்டு, எத்திலீன் ஆக்சைடு வளியும் உண்டு. நம் கவலை கடைசியாகச் சொன்னதைப் பற்றியது.

அவ்வளி மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் வகைப்படுத்தியது. பணியிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரி, பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது 1984 முதல் அமெரிக்க விதி. மூக்கோ, சில நூறு பங்கு சேர்ந்த பின்பே அதன் இலேசான இனிப்பு வாடையை உணரும். திருவில்லிபுத்தூர்த் தெருவில் பால்கோவா கிண்டும் அடுப்பை நான்கு வீடு தள்ளி நின்றே சொல்லிவிடும் அதே மூக்குதான். ‘நாற்றமே இல்லையே’ என்னும் சமாதானம் இங்கே செல்லாது.

இவ்வளியை வெளியே விடாமல் அழிக்கும் வழி புதிதன்று. சூடான பிளாட்டினக் கம்பி சுடரின்றியே வளியை எரிப்பதை 1817-இல் ஹம்பிரி டேவி கண்டார். அவ்வுலோகத்தைத் தேன்கூடு போன்ற பீங்கானில் பூசி, மாசுற்ற காற்றை அதன் துளைகளூடே செலுத்தினால், ஏறத்தாழ 200 பாகை வெப்பத்திலேயே எத்திலீன் ஆக்சைடு கரியமில வளியும் நீருமாகச் சிதையும். வெறும் அனலால் எரிப்பதாயின் 700 பாகைக்கு மேல் வேண்டும். நுண்ணுயிர் நீக்கும் அறையிலிருந்து முதலில் உறிஞ்சும் செறிந்த வளியை அமிலநீரில் கழுவி அடக்கலாம். ஆனால் வெளியே எடுத்த பெட்டிகள் பல மணி நேரம் வளியைக் கசியவிடும். அந்த நீர்த்த காற்றுக்கே இந்தப் பிளாட்டின வினையூக்கி தேவை. முன்னதை அடக்கிப் பின்னதை மின்விசிறியால் வெளியே தள்ளுவது பாதி வேலை.

கந்தகமும் குளோரினும் சிலிக்கோனும் வினையூக்கியை மெல்லச் சாகடிக்கும். அது செத்த பின்னும் சூடேற்றியின் வெப்பமானி ஒழுங்காகவே காட்டும்.

சிறு கூடங்கள் ஒவ்வொன்றும் பிளாட்டினம் வாங்க இயலாது என்பது மெய்யே. திருப்பூர்ச் சாயக்கழிவைக் குழாய்வழிப் பொது நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். காற்றை அவ்வாறு கொண்டுசெல்ல வழியில்லை. துணியைக் கொண்டுசெல்லலாம். இவ்வளியை நாடும் கூடங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நுண்ணுயிர் நீக்க நிலையம் அமையட்டும். குடியிருப்புக்கும், 2021-இல் புலிகள் காப்பகமான மேற்குமலைக் காட்டுக்கும் விலகியே அமையட்டும். 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி இசைவாணை வழங்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வினையூக்கிக்கு முன்னும் பின்னும் வளியை அளந்து, அவ்விரு எண்களையும் நாள்தோறும் நிலைய வாயிற்பலகையில் எழுதிவைக்குமாறு அவ்வாணையிலேயே விதிக்க வேண்டும்.