கதவு திறந்திருக்கிறதாம்!

“கலாசாலைக் கதவு யாவர்க்கும் திறந்தே கிடக்கிறது, உள்ளே செல்லாதவன் சோம்பேறி, அவன் பொருட்டு ஊர்ப்பணத்தைச் செலவிடுதல் வீண்” என்று கூறும் கனவான்கள் எந்நாட்டிலும் உளர். நம்மவர் கூட்டங்களிலும் இச்சொல் அடிக்கடி காதில் விழுகிறது. இனாமாகக் கிடைக்கும் கல்விக்கு மதிப்பில்லை என்பதும் இவர்கள் துணிபு. இவர்களோடு நாம் வாதாடிக் களைக்க வேண்டுவதில்லை. நியூயார்க் நகரத்தின் கணக்கைப் புரட்டிக் காட்டினாற் போதும். கணக்கெழுதியே வயிறு வளர்ப்பவனாதலால் அவ்வேலை எனக்குப் பழக்கமானதே.

1847-ஆம் ஆண்டில், டவுன்சென்ட் ஹாரிஸ் என்னும் வணிகரின் முயற்சியால், அந்நகரத்து வாக்காளர் வாக்களித்து ஒரு கலாசாலையை நிறுவிக்கொண்டனர். ‘ஃப்ரீ அகாடமி’ என்று அதற்குப் பெயரிட்டனர். இனாம் என்பது பெயரிலேயே இருந்தது. அதுவே பின்னாளில் சிட்டி காலேஜ் ஆயிற்று. பெண்களுக்கென்று 1870-இல் தோன்றியது இன்று ஹண்டர் கலாசாலை எனப்படுகிறது. புரூக்ளின் கலாசாலை 1930-இலும், குயின்ஸ் கலாசாலை 1937-இலும் எழுந்தன. 1961-இல் நகரத்துப் பொதுக் கலாசாலைகள் யாவும் ஒரே சர்வகலாசாலையாக இணைக்கப்பட்டன. இந்த நெடுங்காலம் முழுதும் நகரவாசியான முழுநேர மாணாக்கனிடம் படிப்புச் சம்பளம் வாங்கவில்லை.

இனாமாய்ப் படித்தவர் என்ன ஆயினர்? இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க், 1934-இல் சிட்டி காலேஜில் பட்டம் பெற்றவர். பொருளியலில் நோபெல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும், பௌதிகத்தில் அப்பரிசு பெற்ற லியோன் லெடர்மனும் அங்குப் படித்தவர்களே. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர் வீட்டுப் பிள்ளைகளே அவ்வகுப்புகளை நிரப்பினர். இனாமுக்கு மதிப்பில்லை என்னும் கனவான்கள், தம் பிள்ளைகளுக்குப் போடும் அம்மருந்தை எந்த மதிப்பில் சேர்ப்பர்?

ஆயினும் அக்கதவும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. உயர்ந்த மதிப்பெண் பெற்றவரே நுழையலாம் என்பது விதி. நல்ல பள்ளிக்கூடம் இல்லாத சேரிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ நாட்டவரும் வாசலிலேயே நின்றனர். 1969-இல் அவர்தம் மாணாக்கர் சிட்டி காலேஜை முற்றுகையிட்டு அடைத்தனர். அதன் பயனாக 1970 முதல், நகரத்து உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவர்க்கும் ஏதேனும் ஒரு கலாசாலையில் இடம் உண்டு என்றாயிற்று. முதலாண்டு வகுப்பில் ஏறக்குறைய 20,000 பேர் இருந்த இடத்தில் 35,000 பேர் வந்தனர். வெள்ளை இனத்து ஏழைகளும் திரளாக நுழைந்தனர் என்பதை மறைக்கவேண்டா. உரிமை கேட்டவன் ஒருவன், பயன் அடைந்தவர் பலர்.

அடுத்து நடந்ததுதான் நம் நெஞ்சைச் சுடுவது. 1975-இல் நகரத்தின் கருவூலம் வற்றியது. 1976-இல் படிப்புச் சம்பளம் விதித்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்தபோது விதிக்காதவர்கள். உலகமே வேலையின்றித் தவித்த 1930-களில் விதிக்காதவர்கள். இரண்டு மகாயுத்தங்களிலும் விதிக்காதவர்கள், 129 ஆண்டுகள் காத்த வழக்கத்தை, கறியநிறத்தார் உட்புகுந்த ஆறே ஆண்டுகளில் கைவிட்டார்கள். பஞ்சம் மெய்தான். ஆனால் பஞ்சம் வந்தபோது யாருடைய தட்டு முதலில் எடுக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

“தகுதியற்றவரைச் சேர்த்ததனால் தராதரம் கெட்டது” என்பர். தயாராகாத மாணாக்கர் பலர் வந்ததும், பலர் நடுவில் நின்றதும் உண்மை. அவர்களைத் தயார் செய்யாமல் அனுப்பிய பள்ளிகளை நடத்தியதும் அதே நகரமன்றோ?

இனி இன்றைய நிலை. 2023-இல் நான்காண்டுக் கலாசாலையில் உள்நாட்டு மாணாக்கனுக்குச் சம்பளம் ஆண்டொன்றுக்கு 6,930 டாலர். ஏழைக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் உண்டு என்பர். உண்டு. ஆனால் 2017-இல் பெருமுழக்கத்தோடு வந்த ‘எக்செல்சியர்’ உதவியைப் பாருங்கள். பிற உதவிகள் போக மிஞ்சும் சம்பளத்தையே அது கட்டும். பரம ஏழைக்குச் சம்பளம் முன்னமே தீர்ந்திருக்குமாதலால் அவனுக்கு அதில் ஒரு காசும் இல்லை. புத்தகத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் சோற்றுக்கும் அது உதவாது. ஆண்டுக்கு முப்பது பாட அலகு முடிக்கவேண்டும் என்பது வேறு. வேலைக்குப் போகிறவனுக்கு அது எட்டாக்கனி.

எது உதவும் என்பதையும் அந்நகரமே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 2007-இல் அங்குள்ள சமுதாயக் கலாசாலைகளில் ‘ஏ.எஸ்.ஏ.பி.’ என்றொரு திட்டம் தொடங்கினர். சம்பளத்தில் குறைவதை ஈடு செய்தல், பாடப் புத்தகம், மாதப் பயணச்சீட்டு, அறுபது முதல் எண்பது மாணாக்கர்க்கு ஓர் ஆலோசகர்: இவ்வளவே. மற்ற மாணாக்கர்க்கோ அறுநூறு பேருக்கு மேல் ஓர் ஆலோசகர். பின்தங்கிய ஏழை மாணாக்கரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். மூன்றாண்டில், திட்டத்தில் சேர்ந்தவருள் நூற்றுக்கு 40 பேரும் சேராதவருள் 22 பேரும் பட்டம் பெற்றனர். தலைக்குச் செலவு கூடியது. பட்டம் ஒன்றுக்கு ஆன செலவோ குறைந்தது. ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கலாசாலைகளில் செய்து பார்த்தபோதும் பட்டதாரிகளின் தொகை இருமடங்காயிற்று. சோம்பல் என்று பெயர் சூட்டப்பட்டது ஓரளவேனும் வண்டிச் சத்தமாகவும் புத்தக விலையாகவும் இருந்திருக்கிறது!

இத்திட்டத்திலும் ஒரு வடு உண்டு. முழுநேரம் படிப்பவரையே அது ஏற்கும். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு இரவில் இரண்டு பாடம் கற்கும் தாய்க்கு அதில் இடமில்லை. மாநில அரசாங்கம் தன் உபகாரச் சம்பளத்தைப் பகுதிநேர மாணாக்கர் பலர்க்கு 2022-இல்தான் விரித்தது. புத்தகமும் பயணச்சீட்டும் ஆலோசகரும் அவளுக்கும் வேண்டும். அதற்கான பணத்தை மாநிலமும் நகரமும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கவேண்டும். செல்வர் மனமிரங்கித் தரும் நன்கொடைக்கு விடலாகாது. படிப்புச் சம்பளத்தை முன்போல் அறவே எடுத்துவிட வேண்டும். முடியாது என்போர், குதிரை வண்டி ஓடிய காலத்து நியூயார்க்குக்கு முடிந்தது, வானளாவிய மாளிகைகள் நிறைந்த நியூயார்க்குக்கு ஏன் முடியவில்லை என்று சொல்லட்டும்.