விமானம் நின்றது, கணக்குத் தீரவில்லை!

விமானக் கம்பெனி ஒன்று மூடப்பட்டால் சாத்தூர் தீப்பெட்டித் தொழிலாளிக்கும், பட்டாசுத் தொழிலாளிக்கும், பஞ்சாலைத் தொழிலாளிக்கும் அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நிரம்ப இருக்கிறது என்பதே நமது பதில். மேலே பறந்தவனுக்கு நேர்ந்தது நாளை கீழே நிற்பவனுக்கும் நேரும். அவனிடம் படித்த கையும் வக்கீலும் இருந்தும் கிடைக்காத நியாயம், நம்மிடம் மட்டும் தானாக வந்து சேருமா?

1993-ல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந் தேதி தன் கடைசி விமானத்தை இறக்கியது. சுமார் 20,000 பேர் வேலையிழந்தனர். விமானம் நிற்பதற்கு முன்பே சம்பளம் நின்றுவிட்டது. விமானிகளும், இஞ்சினியர்களும், மூட்டை தூக்கியவர்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். இதற்கு முன் 2012 அக்டோபரில் கிங்பிஷர் விமானங்கள் நின்றபோதும் இதே கதைதான். தொழிலாளர் சம்பளப் பாக்கிக்கு அலைந்தார்கள். அதன் முதலாளி விஜய் மல்லையா 2016 மார்ச்சில் கடல் கடந்து போய்விட்டார்.

ஜெட்டின் கணக்கு 2019 ஜூன் 20-ல் திவால் சட்டத்தின் கீழ் வந்தது. பாங்குகள் ஒரு பக்கம், புதிதாக வாங்க வந்த கூட்டணி மறுபக்கம். நடுவில் தொழிலாளி கையேந்தி நின்றான். பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் முழுவதாகக் கொடுக்க வேண்டுமென 2022 அக்டோபரில் அப்பீல் டிரிப்யூனல் உத்தரவிட்டது. வாங்க வந்தவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் அங்கும் அவர்கள் தோற்றார்கள். பணம் வந்ததா? இல்லை. 2024 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கம்பெனியையே கலைத்து, சொத்தை விற்கச் சொல்லிவிட்டது. கம்பெனி நின்று ஐந்தரை வருஷம் கழித்து!

விற்று வரும் பணத்தில் தொழிலாளியின் இடம் எது? கலைப்புச் செலவு முதலில். அதன் பிறகு தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, ஈடு வைத்துக் கொடுத்த பாங்குகளோடு ஒரே வரிசையில். தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் வராத மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி மட்டும். அதுவும் அடுத்த வரிசையில். பிராவிடண்ட் பண்டும், தனியே ஒதுக்கி வைத்த கிராஜுவிட்டி நிதியும் இந்தப் பங்கீட்டில் சேராது. அவை தொழிலாளிக்கே உரியவை. ஆனால் முதலாளி தனியே ஒதுக்காமல் தன் பெட்டியிலேயே வைத்திருந்தால்? அங்கேதான் வழக்கும் வாய்தாவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், தோழர்களே! ஜெட்டில் லோடர், கிளீனர், டிரைவர் வேலைகளைத் தற்காலிக ஒப்பந்தத்தில் செய்தவர்கள், 240 நாள் வேலை செய்த நாங்கள் நிரந்தரத் தொழிலாளிகளே என்று வழக்காடினார்கள். நிலையாணையை எந்த ஒப்பந்தமும் மீற முடியாது என்று 2023 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெற்றிதான்! ஆனால் அப்போது பறக்க ஒரு விமானமும் இல்லை.

இந்த உரிமை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ஆட்குறைப்புக்கு நஷ்ட ஈடு 1953-ல் சட்டமானது. கம்பெனியையே மூடினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று பார்சி லைட் ரெயில்வே வழக்கில் 1956-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 1957-ல் சட்டத்தைத் திருத்தி, மூடினாலும் நஷ்ட ஈடு உண்டு என்று எழுத வேண்டியதாயிற்று. பண நெருக்கடி, சரக்குத் தேக்கம் என்பவை மட்டும் தவிர்க்க முடியாத காரணங்கள் ஆகமாட்டா என்றும் அதிலேயே எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமுலில் உள்ள புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இவை நிற்கின்றன. ஆனால் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் சர்க்கார் அனுமதி வேண்டிய ஆலையின் அளவு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. நம் வட்டாரத்துச் சிறு ஆலைகளில் எத்தனையில் 300 பேர் இருக்கிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். நாள் கூலி 500 ரூபாய், சர்வீஸ் 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு நஷ்ட ஈடு வருஷத்துக்கு 15 நாள் கூலி. ஆக 300 நாளுக்கு 1,50,000 ரூபாய். கிராஜுவிட்டி வருஷத்துக்கு 15 நாள். அது இன்னொரு 1,50,000. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது. இவற்றோடு ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான கூலி. பீஸ் ரேட்டுக்குக் கிராஜுவிட்டி இல்லை என்பது பொய். கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியே கணக்கு.

மூன்று லட்ச ரூபாய்! ஒரு பெண்ணின் படிப்பு, ஒரு வீட்டின் கூரை. பெயர் மஸ்டர் ரோலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் இது பறிபோகிறது. 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, யார் எந்த ஆலையின் தொழிலாளி என்று காட்டத் துண்டுச் சீட்டுக்கூட இல்லாதவர் எத்தனை பேர்! காண்டிராக்டரின் ஆள், உள்குத்தகைக்காரரின் ஆள் என்று கைகாட்டினால் நஷ்ட ஈடு காற்றில் போகும். வெள்ளாமை முடிந்ததும் "நாளைக்கு வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்படும் விவசாயத் தொழிலாளிக்கோ அந்தச் சீட்டு என்றுமே இருந்ததில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை: கிராஜுவிட்டிப் பணத்தை முதலாளியின் பெட்டியிலிருந்து எடுத்துத் தனி நிதியில் கட்டாயமாகக் கட்டச் செய்! திவாலில் தொழிலாளியின் பாக்கி முழுவதையும் பாங்குக் கடனுக்கு முன்னால் வை! காண்டிராக்டர் ஓடினால் ஆலை முதலாளியே பொறுப்பு! விவசாயத் தொழிலாளிக்கும் சீட்டும் கணக்கும் கொடு!

சர்க்கார் செய்யும்வரை நாமும் சும்மா இருக்கலாகாது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பி.எப். நம்பரைக் குறித்து வையுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் அது ராஜினாமாக் கடிதமாக மாறி நிற்கும், ராஜினாமாச் செய்தவனுக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈடு கிடையாது. 2008 அக்டோபரில் இதே ஜெட் சுமார் 1,900 பேரை நீக்குவதாக அறிவித்தது. அவர்கள் சீருடையோடு தெருவில் நின்று குரல் எழுப்பினார்கள், நாடே பார்த்தது, இரண்டு நாளுக்குள் உத்தரவு வாபசாயிற்று. ஆலை ஓடும்போது கூடுகிற சங்கத்துக்குப் பலம் உண்டு. பூட்டிய கதவின் முன் கூடுகிற கூட்டத்துக்கு வாய்தாதான் மிச்சம்.

இன்றே பெயரைப் பதிவு செய்யுங்கள், சங்கத்தில் சேருங்கள்!