'லீவு கிடைக்கலடா': நண்பர்களோடு தாய்லாந்து ட்ரிப் போனால் யாருடைய பட்ஜெட் முக்கியம்?

"மச்சி, இந்த வருஷம் கண்டிப்பா தாய்லாந்து போறோம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போடுகிறார். பத்தே நிமிடத்தில் எமோஜிகள், ஃபுக்கெட் ரீல்ஸ், ஒரு ஆஃபர் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வந்து குவிகின்றன. குரூப்பின் பெயர்கூட மாறிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து, டிக்கெட் போடும் நேரத்தில், ஆறு பேரில் ஒருவர் மட்டும் "லீவு கிடைக்கலடா, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார்.

சில நேரம் அது உண்மையாக இருக்கலாம். பல நேரம் அவருக்குக் கிடைக்காதது பணம். வீட்டு வாடகை, கல்விக் கடன், தங்கையின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அதை ஐந்து பேர் முன்னால் சொல்வதைவிட ஆபீஸ் மேனேஜர் மீது பழியைப் போடுவது சுலபம்.

நண்பர்கள் சேர்ந்து போகும் 'பட்ஜெட் ட்ரிப்' பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. எந்த ஆப்பில் டிக்கெட் மலிவு என்று எல்லோரும் தேடுகிறார்கள். நம்மில் குறைவாகச் செலவு செய்ய முடிந்தவரால் எவ்வளவு முடியும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தொகைதான் குழுவின் பட்ஜெட்டாக இருக்க வேண்டும்.

ஏன் எல்லோரும் தாய்லாந்து என்கிறார்கள்?

காரணங்கள் நியாயமானவை. சென்னையிலிருந்து பாங்காக் நேரடி விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம்தான். பஸ்ஸில் திருச்சி போகவே அதைவிட அதிக நேரம் ஆகும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்த தாய்லாந்து, 2024 ஜூலையில் அதை 60 நாளாக நீட்டித்தது. இந்த விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். டிக்கெட் போடும் முன் தூதரக இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

2025 மே 1 முதல் அந்நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டினர் அனைவரும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

தெருக்கடைச் சாப்பாடு, பகிர்ந்து போகும் படகு, இருவர் தங்கும் சின்ன ரூம் என்று சிக்கனமாக இருக்க அங்கே வழி நிறைய. அதே ஊரில் தனிப் படகு, நீச்சல் குளத்தோடு வில்லா, கடலோர பார் என்று பணத்தைக் கரைக்கவும் வழி நிறைய. ஒரே தெருவில் இரண்டும் இருப்பதால்தான் குழுவாகப் போகும்போது சிக்கல்.

ஆஃபர் டிக்கெட் சொல்லாத கணக்கு

ஸ்கிரீன்ஷாட்டில் வரும் விலை, முழுச் செலவின் ஒரு பகுதிதான். பட்ஜெட் போடும்போது விட்டுப்போகும் சில செலவுகள் இவை. பாத்தின் மதிப்பு ஏறி இறங்கும் என்பதால், கணக்குக்கு 1 பாத் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• பெட்டி: மலிவு டிக்கெட்டுகளில் பல, கையோடு கொண்டுபோகும் 7 கிலோவை மட்டுமே அனுமதிக்கும். செக்-இன் பெட்டிக்கும் விருப்பப்பட்ட சீட்டுக்கும் தனிக் காசு.

• கார்டு: பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% கட்டணம் போடுகின்றன. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13%. அங்கே 40,000 ரூபாய்க்குத் தேய்த்தால் 1,652 ரூபாய் தனியாகப் போகும். கடையில் "ரூபாயிலேயே எடுத்துக்கலாமா?" என்று மெஷின் கேட்டால், வேண்டாம் என்று பாத்தையே தேர்வு செய்யுங்கள். ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதம் இன்னும் மோசமாக இருக்கும்.

• ஏடிஎம்: வெளிநாட்டுக் கார்டில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அங்குள்ள வங்கிகள் குறைந்தது 220 பாத் பிடித்துக்கொள்கின்றன. 660 ரூபாய். ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு முறை எடுத்தால் 7,920 ரூபாய் காலி.

• தேசியப் பூங்கா: பீ பீ தீவுகள் இருப்பது தேசியப் பூங்காப் பகுதியில். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 400 பாத். படகு டூர் விலையில் இது அடங்குமா, தனியா என்று முன்பே கேட்க வேண்டும்.

இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடிய செலவுகள். இதைவிடப் பெரிய செலவு குரூப் சாட்டில் உருவாகிறது.

ஒரு 'ஓகே'வின் விலை 13,500 ரூபாய்

ஓர் உதாரணம். இருவர் தங்கும் சாதாரண ரூம் ஒரு இரவுக்கு 1,200 பாத் என்று வைத்துக்கொள்வோம். குரூப்பில் ஒருவர் 3,000 பாத்துக்கு வேறு ஒரு ரூமின் லிங்கைப் போடுகிறார். "மாடியிலேயே இன்ஃபினிட்டி பூல்டா, வாழ்க்கையில ஒரு தடவைதானே!" மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள்.

வித்தியாசம் 1,800 பாத். இருவர் பிரித்தால் ஆளுக்கு 900, அதாவது 2,700 ரூபாய். ஐந்து இரவுக்கு 13,500. மாதம் 1,20,000 ரூபாய் வாங்கும் ஐடி நண்பருக்கு அது சம்பளத்தில் சுமார் 11%. மாதம் 28,000 வாங்கும் நண்பருக்கு 48%. இருவரும் அனுப்பியது ஒரே எமோஜிதான்.

பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு முடிவும் 'கொஞ்சம்தானே' என்று தோன்றும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர், கஞ்சன் என்று பெயர் வாங்கப் பயந்து பேசாமல் இருப்பார். ஏழாவது 'கொஞ்சம்தானே' வரும்போது அவருக்கு லீவு கிடைக்காமல் போகிறது.

சமமாகப் பிரித்தால் நியாயம்தானே?

செலவைப் பிரிக்கும் ஆப்கள் வந்தபிறகு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆப் செய்வது கூட்டலும் வகுத்தலும். எதைச் செலவு செய்வது என்ற முடிவை அது எடுப்பதில்லை.

ராத்திரி டின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் இறாலும் பீரும் வாங்குகிறார்கள். ஒருவர் சைவம், வறுத்த சாதமும் இளநீரும். இன்னொருவர் குடிப்பதில்லை. பில் வந்ததும் "ஆறா வகுத்துடலாம், ஈஸி" என்று ஒரு குரல். கணக்கு ஈஸிதான். ஆனால் சைவக்காரர் தினமும் மற்றவர்களுடைய பீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். முதல் நாள் சிரிப்பார். நான்காம் நாள் "தலைவலிக்குது, நான் ரூம்லயே இருக்கேன்" என்பார்.

முடிவை எல்லோரும் சேர்ந்து எடுத்திருந்தால் சமப் பிரிவினை நியாயம். இருப்பவர்கள் முடிவெடுத்து, இல்லாதவரும் சமமாகக் கட்டினால் அதை நியாயம் என்று சொல்ல முடியாது.

'அப்போ வசதி இருக்கிறவங்க என்ன பண்றது?'

இது நியாயமான கேள்வி. ராத்திரி பகலாக உழைத்து, வருஷத்தில் ஒருமுறை கிடைக்கும் ஒரு வாரத்தை ஏசி இல்லாத ஹாஸ்டலில் கழிக்க வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. "அவனுக்கும் சேர்த்து நான் கட்டிடறேன்" என்று மனசாரச் சொல்பவர்களும் உண்டு.

கட்டிவிடலாம். ஆனால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பதும் ஒரு ட்ரிப்பையே வாங்கிக் கொடுப்பதும் ஒன்றில்லை. வாங்கிக்கொண்டவர் அந்த ஐந்து நாளும் "எங்க சாப்பிடலாம்?" என்ற கேள்விக்கு வாய் திறக்க மாட்டார். உதவி செய்ய நினைப்பவர், கொடுப்பதைப் பொதுச் செலவில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். ஏர்போர்ட் டாக்ஸியையோ ஒரு நாள் படகையோ ஆறு பேருக்குமாக அவர் ஏற்றுக்கொண்டால், யாரும் தனியாகக் கடன்பட்டவர் ஆவதில்லை.

மற்றபடி வழி சுலபம். எல்லோருக்கும் பொதுவான செலவுகள் குறைந்த தொகைக்குள் இருக்கட்டும். அதற்குமேல் வேண்டியவர்கள் தனியாகச் செலவழிக்கட்டும். ஸ்கூபா டைவிங் இருவர் போகலாம், நால்வர் கரையில் இருக்கலாம். நல்ல ரூம் வேண்டும் என்பவர் அதே ஹோட்டலில் கூடுதல் தொகையைத் தானே கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆறு பேரும் எல்லா நிமிடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டிக்கெட்டுக்கு முன்னால் பேச வேண்டிய நான்கு

1. தொகை: ஆளுக்கு அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள், ஆனால் குரூப்பில் வேண்டாம். வாட்ஸ்அப் போலில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரும் மெயிலும் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் போதும். வரும் தொகைகளில் சிறியதுதான் பொது பட்ஜெட். அது யாருடையது என்று ஆராயக் கூடாது.

2. இடம்: தொகையை முடிவு செய்த பிறகே ஊர். வந்தது 15,000 என்றால் இந்த வருஷம் தாய்லாந்து இல்லை. வர்க்கலைக்கு ரயில் இருக்கிறது, அங்கேயும் கடல் இருக்கிறது.

3. பொதுப் பணம்: ரூம், வண்டி, படகு ஆகியவற்றுக்கு முன்பே ஒரே தொகை போட்டு, ஒருவர் கையில் கொடுங்கள். சாப்பாடும் குடியும் அவரவர் கணக்கு. ஒருவரே மொத்தமாகப் பணம் எடுத்தால் ஏடிஎம் கட்டணமும் குறையும்.

4. கடைசி நேர விலகல்: ஒருவர் நின்றுவிட்டால் ரூமில் அவருடைய பங்கை யார் கட்டுவது? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு விதி, மனம் மாறினால் வேறு விதி. கேட்கச் சங்கடமாக இருக்கும். ஏர்போர்ட்டில் நின்று பேசுவது இதைவிடச் சங்கடம்.

இஎம்ஐயில் போகலாமா?

"இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க" என்ற விளம்பரங்கள் இந்தச் சங்கடத்தைத்தான் குறிவைக்கின்றன. 60,000 ரூபாயை ஆண்டுக்கு 24% வட்டியில் 12 மாதத் தவணையாக எடுத்தால், மாதம் சுமார் 5,670 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வட்டி 8,000 ரூபாய்க்கு மேல். ஐந்து நாள் கூத்துக்கு ஒரு வருஷம் தவணை. நண்பர்கள் அடுத்த ட்ரிப்புக்கு பிளான் போடும்போது இவர் பழைய ட்ரிப்பைக் கட்டிக்கொண்டிருப்பார். கேங்கில் ஒருவர் கடன் வாங்கித்தான் வர முடியும் என்றால், அந்தக் கேங் தப்பான ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

பட்ஜெட் சின்னது என்பதற்காக எல்லாவற்றிலும் கை வைக்க முடியாது.

சீசன்: ஃபுக்கெட், கிராபி, பீ பீ எல்லாம் அந்தமான் கடல் பக்கம். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழையும் அலையும் அதிகம், படகுகள் ரத்தாகலாம். பீ பீயின் புகழ்பெற்ற மாயா பே, கூட்டம் தாங்காமல் 2018-ல் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்த கடற்கரை. அது இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. செப்டம்பர் டிக்கெட் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, கோ சமுய் இருக்கும் வளைகுடாப் பக்கம், சென்னையைப் போல அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நனையும்.

ஸ்கூட்டர்: சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் வாடகை வண்டி ஓட்டி விபத்தானால், பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். இங்கே ஆர்டிஓவில் இதற்குக் கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அதில் டூவீலருக்கும் அனுமதி இருக்க வேண்டும். வாடகைக் கடையில் அடமானமாக பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது.

காப்பீடு: ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் மருத்துவமனை பில் அவரோடு நிற்காது. ஆறு பேரின் கார்டும் தேய்க்கப்படும். காப்பீடு இல்லாதவரை விமானம் ஏற விடாமல் தடுப்பது முரட்டுத்தனம் போலத் தெரியும், ஆனால் அதுதான் சரி.

கடைசியாக...

இருபதுகளின் பிற்பகுதியில் நண்பர்களுடைய சம்பளங்கள் வெவ்வேறு வேகத்தில் ஏறத் தொடங்கும். காலேஜில் ஒரே பரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்களில் ஒருவர் கார் வாங்குவார், ஒருவர் இன்னும் பைக்கில் பெட்ரோல் அளந்து போடுவார். இந்த வித்தியாசம் முதன்முதலில் வெளிப்படையாகத் தெரியும் இடம், சேர்ந்து போகும் ட்ரிப். அங்கே அதைப் பேசத் தெரிந்துகொண்ட கேங், பிறகு கல்யாண மொய், வீட்டுக் கடன், வேலை இழப்பு எல்லாவற்றையும் பேச முடியும்.

அதனால் அடுத்தமுறை குரூப்பில் யாராவது "லீவு கிடைக்கலடா" என்றால், "ஓகே மச்சி, நெக்ஸ்ட் டைம்" என்று கடந்துவிடாதீர்கள். தனியாக ஒரு கால் போட்டு, "எவ்வளவுன்னா வருவ?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையிலிருந்து பிளானை மறுபடி தொடங்குங்கள்.