நன்றிக்குமா இரவற்சொல்?

புதுச்சேரி மேட்டுப்பாளையத் தொழிற்பேட்டையில் சுமை இறக்கித் தந்த தமிழனிடம் மற்றொரு தமிழன் கூறுவது "தேங்க்சு!" 1954 நவம்பரில் பிரெஞ்சியர் ஆட்சி நீங்கிற்று, "மெர்சி" இறங்கிய அரியணையில் "தேங்க்சு" ஏறிற்று.

ஆங்கிலச் சொல் 'நினைத்தல்' என்னும் வேரினது; பிரெஞ்சுச் சொல்லின் இலத்தீன் தாய்ச்சொல் கூலியைச் சுட்டும். நம் 'நன்றி'யோ 'நல்' என்னும் அடியில் முளைத்து, செய்த நன்மையையே முதற்கண் குறித்தது. அதனை மறவாமையே செய்ந்நன்றி அறிதல். வள்ளுவர் 11ஆம் அதிகாரத்தை அதற்கே வகுத்தார்.

வேண்டாவென மறுக்கவும், எள்ளி நகைக்கவும் ஆங்கிலர் அச்சொல்லையே ஆள்வர். அத் தேய்ந்த காசுக்கா பொன்னை மாற்றுவது? தாய்மொழி செய்த நன்றியை மறந்த நா, பிறர் செய்த நன்றியை எங்ஙனம் அறியும்? தமிழா, இன்றே "நன்றி" என்று சொல்!