சிப்பி எங்கே பிறக்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்கதைக் கட்டுரை எழுதக் கொடுத்தேன். மிதிவண்டி, பேனா, காலணி என்று எழுதி எழுதி அவர்களுக்கும் சலித்துவிட்டது. திருத்தித் திருத்தி எனக்கும் சலித்துவிட்டது. ஆகவே, இம்முறை கடலில் வாழும் ஏதேனும் ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு மாணவன் ‘நான் ஒரு சிப்பி’ என்று தலைப்பிட்டான். முதல் வரி இப்படி இருந்தது: “நான் ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன். என்னை ஒரு பேரங்காடியில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள்.”

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாணவனின் வீடு போர்ட்டிக்சன் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. வீட்டிலிருந்து தெலுக் கெமாங் கடற்கரைக்கு அரைமணி நேரப் பயணம்தான். கடலுக்கு இவ்வளவு அருகில் வளரும் பிள்ளைக்குச் சிப்பி எங்கே பிறக்கிறது என்பது தெரியவில்லை. குறை பிள்ளையிடம் இல்லை. மிதிவண்டிக் கட்டுரைக்கு நாம் மனனம் செய்ய வைத்த வார்ப்பைத்தான் அவன் சிப்பிக்கும் பொருத்தியிருந்தான்.

நம் தோட்ட மக்களுக்குக் கடல் அந்நியமாக இருந்ததில்லை. என் சிறுவயதில், பால்மரம் வெட்டு இல்லாத பெருநாள் விடுமுறையில் லயத்துக் குடும்பங்கள் லோரி ஏறிப் போர்ட்டிக்சனுக்குப் போவது வழக்கம். ஆண்கள் தூண்டில் போடுவார்கள். நீர் வற்றும் நேரம் என் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணலைக் கிளறி மட்டி பொறுக்குவார்கள். அதை இரவெல்லாம் உப்புநீரில் போட்டு மணலைக் கக்க வைத்து, மறுநாள் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் கிராங் கொண்டு வரும் நாளில் லயமே மணக்கும். எந்த மட்டியைத் தொடக்கூடாது, தட்டினால் மூடாத சிப்பியை ஏன் எறிய வேண்டும் என்பதெல்லாம் பள்ளி வாசலை மிதித்திராத அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. மட்டி உண்ணும் ஆசை மட்டும் கூடவே வந்தது. மட்டியைப் பற்றிய அறிவு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இது ஏதோ பழங்கதை ஏக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

2024 ஏப்ரல் மாதம் நம் போர்ட்டிக்சன் பகுதியில் பிடிக்கப்பட்ட சிப்பியை, அதாவது மலாய்க்காரர்கள் கூப்பாங் என்று சொல்லும் பச்சைச் சிப்பியை, உண்ட எட்டுப் பேர் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டார்கள். அப்பகுதிச் சிப்பியை உண்ண வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்தது. அந்த வாரம் பெற்றோர் பலரிடம் இது பற்றிப் பேசினேன். ஏறக்குறைய அனைவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “நல்லா கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும் டீச்சர்.”

இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் இங்கே தீங்கு செய்தது கிருமி அன்று. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. அவற்றுள் சில இனங்கள் நஞ்சை உண்டாக்குபவை. சிப்பியும் மட்டியும் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்டு வாழ்வன. நச்சுப்பாசி பெருகும் காலத்தில் அந்நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துவிடுகிறது. சிப்பிக்கு ஒன்றும் நேர்வதில்லை, உண்பவருக்குத்தான் கேடு. சாக்சிடாக்சின் எனப்படும் இவ்வகை நஞ்சு கொதிநீருக்கு அழியாது, குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் அழியாது. வாடையோ நிறமோ சுவையோ அதைக் காட்டிக் கொடுக்காது. கடல் சிவந்திருந்தால்தான் ஆபத்து என்பதும் தவறு. நீர் தெளிவாகத் தெரியும்போதும் நஞ்சு இருக்கலாம். பூண்டு போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது எல்லாம் வீண்.

உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப் போகும். பிறகு விரல் நுனிகள் மரக்கும். கடுமையானால் மூச்சு விடும் தசைகளே செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மருத்துவமனையில் மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்றலாம். ஆகவே, உதடு மரத்தால் கைமருந்து தேடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெற்றோர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமேனும் நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.

இது புதிதாக முளைத்த தொல்லையும் அன்று. 1976-இல் சபாவில் இதே வகை நஞ்சால் உயிர்கள் போயின. 1991-இல் நமக்கு அண்டையிலுள்ள மலாக்கா மாநிலத்துச் செபாத்துவில், வளர்ப்புச் சிப்பியை உண்ட மூவர் பாதிக்கப்பட்டார்கள். 2001-இல் கிளந்தானின் தும்பாட் பகுதியில் மட்டி உண்ட ஒருவர் இறந்தார். நம் மூதாதையர் ஊரான தமிழ்நாட்டிலும் 1981-இல் மட்டி உண்டு மூவர் மாண்டனர்.

அப்படியானால் சிப்பியே வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாமா? கூடாது என்பேன். அச்சுறுத்தி விலக்கி வைப்பது எளிது. ஆனால் அதனால் பிள்ளை கற்பது ஒன்றும் இல்லை. சிப்பியை விரும்பி உண்டுகொண்டே அதை ஆழமாக அறிந்து வைத்திருக்கும் மக்களும் உலகில் இருக்கிறார்கள். ஜப்பானியர் அத்தகையோர்.

ஜப்பானில் உண்ணும் சிப்பி அதிகம் விளைவது ஹிரோஷிமா வட்டாரத்தில். விரிகுடாவில் மூங்கில் தெப்பங்களை மிதக்க விட்டு, அவற்றிலிருந்து நீளமான கம்பிகளைத் தொங்க விடுகிறார்கள். கம்பியில் வேறொரு வகைச் சிப்பியின் வெற்று ஓடுகள் மாலைபோல் கோக்கப்பட்டிருக்கும். நீந்தித் திரியும் சிப்பிக் குஞ்சுகள் அவ்வோடுகளில் ஒட்டி வளர்கின்றன. குளிர்காலம் வந்தால் கடற்கரையோரக் கடைகளில் கரியடுப்பின்மேல் ஓட்டோடு வைத்துச் சுட்டு, வாய் திறந்ததும் எலுமிச்சை பிழிந்து உண்கிறார்கள். பச்சையாகவும் உண்கிறார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஜப்பானியக் கடைகளில் ‘பச்சையாக உண்பதற்கு’ என்றும் ‘சமைத்து உண்பதற்கு’ என்றும் இரு வகையாகச் சிப்பி விற்பார்கள். முதலாவது இன்று பிடித்தது, இரண்டாவது நேற்றுப் பிடித்தது என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. எந்த நீரில் வளர்ந்தது, எப்படிக் கழுவிச் சுத்திகரிக்கப்பட்டது என்பதே வேறுபாடு. சோதித்துத் தூய்மை என்று உறுதி செய்த கடற்பகுதியிலிருந்து வந்தவைக்கும், முறைப்படி சுத்திகரித்தவைக்குமே முதல் வகைச் சீட்டு கிடைக்கும். பாசி நஞ்சு வரம்பைத் தாண்டினால் விற்பனைக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். ‘சிப்பி புதிதா?’ என்பதோடு ‘தண்ணீர் எப்படி?’ என்றும் கேட்கப் பழகிய நாடு அது.

தண்ணீரைப் பற்றிய இந்தக் கேள்வியை மலை வரை கொண்டு சென்றவர் ஒருவர் உண்டு. ஷிகெஅட்சு ஹத்தாகெயாமா என்ற அவர், மியாகி மாநிலத்துக் கெசென்னுமாவில் சிப்பி வளர்த்தவர். அவருடைய விரிகுடாவில் ஒரு காலத்தில் செம்பாசி பெருகி, சிப்பியின் சதையே சிவந்து விற்க முடியாமல் போனது. கடலில் தவறு நடந்தால் கடலில்தானே திருத்த வேண்டும்? அவர் அப்படி எண்ணவில்லை. தம் கடலில் வந்து சேரும் ஆற்றின் வழியே மேலே பார்த்தார். காடு அழிந்ததும் கழிவு கலந்ததும் கடலைக் கெடுக்கின்றன என்று உணர்ந்தார். 1989-இல் தம்மைப் போன்ற மீனவர்களைத் திரட்டிக்கொண்டு மலையேறி மரம் நட்டார். மீனவர் மலையில் மரம் நடுவதைக் கண்டு பலரும் வியந்தார்கள்.

மரம் நட்டதோடு அவர் நிற்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பள்ளிப் பிள்ளைகளைத் தம் சிப்பித் தெப்பத்திற்கு அழைத்தார். மலைவாழ் பிள்ளைகள் கடலைக் கண்டார்கள். தங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டார்கள். 2011 ஆழிப்பேரலையில் அவருடைய தெப்பங்கள் அழிந்தன, தாயாரும் மறைந்தார். மீண்டும் தொடங்கினார். 2012-இல் ஐக்கிய நாட்டு மன்றம் அவரைக் காடுகளின் நாயகர் என்று சிறப்பித்தது. 2025-இல் அவர் காலமானார்.

அவருடைய வரலாற்றைப் படித்தபோது எனக்கு நம் லிங்கி ஆறுதான் நினைவுக்கு வந்தது. சிரம்பான் நகரைத் தொட்டு, தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் இடையே ஓடி, ரெம்பாவ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, மலாக்கா எல்லையிலுள்ள குவாலா லிங்கியில் கடலில் கலக்கிறது. வழியெல்லாம் நாம் இருக்கிறோம். நம் சமையலறைக் கால்வாய், சலவைத் தூள் நுரை, செம்பனைக்குப் போடும் உரத்தில் மழை அடித்துக்கொண்டு போகும் பங்கு, ஞெகிழிப் பைகள் எல்லாம் அந்த வழியே போகின்றன. 2024 நஞ்சுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாசி பெருகுவதற்கு வெயில், நீரோட்டம், உப்பின் அளவு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் நீரில் ஊட்டம் மிகுந்தால் பாசி பெருக வழியாகும் என்பதை அறிவியல் நமக்குச் சொல்கிறது. ஜப்பானிய மலைப் பிள்ளைகளைப் போல நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்பவர்கள். கடலுக்கு அவர்களும் பொறுப்பாளிகள். இதை யார் அவர்களுக்குச் சொன்னது?

பள்ளிதான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ‘தேர்வில் வருமா?’ என்ற பழைய கேள்வியை இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலேயே அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு போன பின்னும் வார்ப்புக் கட்டுரையை நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ‘நாங்கள் சைவம், பிள்ளைக்குச் சிப்பி எதற்கு?’ என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. சிப்பியை அறிவதற்கு அதை உண்ண வேண்டியதில்லை. புலியை உண்டா நாம் புலியைப் பற்றிக் கற்கிறோம்?

பெரிய செலவும் தேவையில்லை. அறிவியல் பாடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கலங்கிய கடல்நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் உயிருள்ள சிப்பிகளை இடுங்கள். சில மணி நேரத்தில் அந்தத் தொட்டி மற்றதைவிடத் தெளிந்து வரும். சிப்பி நீரை வடிகட்டுகிறது என்பதை எந்தப் பாடநூலும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. நீரிலுள்ள தீங்கும் அதற்குள்தான் சேரும் என்பதைப் பிள்ளைகளே கேட்டு அறிந்துகொள்வார்கள். சோதனைக்கு வைத்த சிப்பியை யாரும் உண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

மொழிப்பாடத்திற்கும் இதில் விருந்து உண்டு. சிப்பி, மட்டி, ஆளி, கிளிஞ்சல், கழிமுகம், ஓதம், நீர் வற்றம் எனத் தமிழில் எத்தனை சொற்கள்! பிள்ளைகளுக்கு ‘மட்டி’ என்றால் ஆசிரியர் திட்டும் சொல் மட்டுமே. தூத்துக்குடியில் 1973-இல் ஆய்வாளர்கள் முத்துச்சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டியதையும், உண்ணும் சிப்பியை வளர்க்கும் முறையும் அங்கே உருவானதையும் கூறலாம். நம் நாட்டிலும் கெடாவின் மெர்போக் கழிமுகத்திலும் திரெங்கானுவின் செத்தியூவிலும் திராம் வளர்க்கிறார்கள் என்பதைச் சொன்னால், இது பிழைப்புக்குரிய தொழில் என்பதும் அவர்களுக்குப் புரியும்.

நான் செய்தது மிகச் சிறிது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு, ஒரு சனிக்கிழமை நீர் வற்றும் வேளை பார்த்து இருபது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு மாணவியின் பாட்டியும் கூட வந்தார். எழுபது வயதைக் கடந்தவர், பால்மரம் வெட்டியவர். பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் காட்டி, “இதுக்கு ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டா அப்புறம் நகரத் தெரியாதுய்யா. தண்ணிதான் இதுக்குச் சோறு கொண்டாரணும்” என்றார். அன்று நான் ஒரு மணி நேரம் நடத்தவிருந்த பாடத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிள்ளைகள் எதையும் பறித்து வரவில்லை. பார்த்தார்கள், தொட்டார்கள், ஒருவன் விரலைக் கீறிக்கொண்டான்.

கீறிக்கொண்டவன் அதே தன்கதை எழுதிய மாணவன்தான். மறுவாரம் கட்டுரையைத் தானாகவே மாற்றி எழுதி வந்தான். எழுத்துப் பிழைகள் பதினொன்று இருந்தன. “நான் ஒரு சிப்பி. நான் பிறந்தபோது எனக்கு வீடு இல்லை. நீந்திக்கொண்டே இருந்தேன். ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன். இப்போது உங்கள் ஆற்றிலிருந்து வருவதைத்தான் நான் சாப்பிடுகிறேன்” என்று தொடங்கியிருந்தான்.

பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினேன். அந்தக் கடைசி வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் போர்ட்டிக்சனுக்குப் போகும்போது கடற்கரைக் கடையோடு திரும்பிவிடாதீர்கள். நீர் வற்றும் நேரம் பாறையோரம் பிள்ளையை நிறுத்தி, உங்கள் அம்மாவும் பாட்டியும் மட்டி பொறுக்கிய கதையைச் சொல்லுங்கள். சிப்பி வாங்குமுன், அது எந்தக் கடற்பகுதியிலிருந்து வந்தது, மீன்வளத் துறையின் தடை ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்கள் கேட்பதைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஆசிரியர் நண்பர்களே, அடுத்த தன்கதைக் கட்டுரைக்கு மிதிவண்டியைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்.