எலிக்கு வாகன மரியாதை, ஆந்தைக்குக் கல்லடி!

சம்பாப் பயிர் பொதிக்கட்டும் சமயத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வயல்களில் இறங்கிப் பார்த்த தோழர்களுக்குத் தெரியும். நேற்று நிமிர்ந்து நின்ற தூர் இன்று அடியில் சாய்வாக அறுபட்டுக் கிடக்கும். எலியின் வேலை! தின்றது கொஞ்சம், வெட்டிப் போட்டது அதிகம். கதிர் முற்றினாலோ, கதிரையே வரப்பு வளைக்குள் இழுத்துச் சேர்த்துவிடும். இதற்குப் பரிகாரமாக நம் குடியானவர் அரசமரத்தடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறார். எலி அந்தப் பிள்ளையாருக்கே வாகனமாயிற்றே! திருடனைப் பற்றி அவனுடைய எஜமானனிடமே காணிக்கை வைத்து முறையிடுவதற்குப் பக்தி என்று பெயராம். தேங்காய் மூடி பூசாரி வீட்டுக்குப் போகிறது. எலி வழக்கம்போல வயலுக்குப் போகிறது.

அது கிடக்கட்டும். எலியை நிஜமாகவே பிடித்துத் தின்கிற கூகை ஆந்தையை நாம் என்ன செய்கிறோம்? கோபுரப் பொந்திலும் பாழடைந்த வீட்டிலும் குடியிருந்து இரவெல்லாம் வயலைச் சுற்றுகிற அந்தப் பறவை அலறினால் சாவு விழும் என்று கல்லெடுத்து அடிக்கிறோம். சாவு விழுவது வாஸ்தவந்தான், எலிக்கு! நாம் சொல்வதை நம்ப வேண்டாம். அது தங்குமிடத்தின் கீழே கக்கிப் போட்டிருக்கும் உருண்டையை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். எலி மயிரும், எலும்பும், மண்டை ஓடும் இருக்கும். வங்காளத்தில் ஆந்தை லட்சுமிக்கு வாகனம். அங்கே சுபம், இங்கே அபசகுனம் என்றால், ரயிலில் எந்த ஸ்டேஷனைத் தாண்டியதும் சகுனம் மாறுகிறது என்று கேட்கிறோம்.

மூடத்தனம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. நார்வே, ஸ்வீடன் முதலிய குளிர் தேசங்களில் லெம்மிங் என்ற குட்டைவால் எலியினம் உண்டு. சில வருஷங்களுக்கொரு முறை கணக்கின்றிப் பெருகும். அது மேகத்திலிருந்து விழுகிறது என்று 1555-ல் ஓலாஸ் மேக்னஸ் என்ற பாதிரியார் புத்தகத்திலேயே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் டென்மார்க் வைத்தியர் ஓலே வோர்ம் அதை அறுத்துப் பார்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் சாதாரண எலிக்குள்ள உறுப்புகளே. பனிக்கடியிலேயே குட்டி போட்டுப் பெருகுகிறது என்பது இன்று தெரிந்த விஷயம். அது பெருகும் வருஷத்தில் அங்குள்ள வெள்ளை ஆந்தையும் அதிக முட்டையிடுகிறது. இரை அருகினால் முட்டையிடாமலே விட்டுவிடுவதும் உண்டு. எலிக்கும் ஆந்தைக்கும் உள்ள கணக்கு இதுதான். இதில் தெய்வத்துக்கு என்ன ஜோலி?

நம் ஊரிலும் எலியைக் குறைக்க ஆள் இருக்கிறார். தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர்பெற்ற மூங்கில் வில்பொறியை வயல் வயலாகச் சேற்றில் ஊன்றி வைத்து, விடிந்ததும் எலியை எண்ணிக் காட்டுகிறவர்தான் அவர். அவரைக் களத்துமேட்டுக்கு அப்பால் நிறுத்திவைத்துக் கூலியில் பேரம் பேசுகிற பண்ணைக்காரர், சதுர்த்திக் கொழுக்கட்டைச் செலவுக்கு மட்டும் கணக்கே பார்ப்பதில்லை.